மாத்திரை கொடுக்காத காலை

அன்று காலை ரோவீனா கிண்ணத்தில் ஆப்பிள் கூழை மட்டும் போட்டு மகள் முன்னால் வைத்தாள். மற்ற நாட்களில் அந்தக் கூழில் மருந்து கலந்திருக்கும். மாத்திரையின் மேல்கூட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் கடுகு போன்ற மணிகளைக் கூழின்மேல் தூவித் தருவாள். பள்ளிக்கூட நாளானாலும் சரி, சர்ச்சுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி, அது இல்லாமல் டெலனிக்கு விடிந்ததே இல்லை.

டெலனி கரண்டியால் கிளறிப் பார்த்தாள். ஒன்பது வயது. ஓரிடத்தில் உட்கார முடியாதே தவிர, கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"அம்மா, மணி போடலியே."

"இன்னிக்கு வேண்டாம்."

"ஏன்?"

"டாக்டரப் பாக்கப் போறோம்ல."

"டாக்டர்கிட்ட போனா மருந்து கூடத்தான குடுப்பாங்க? நீ என்ன கொறைக்கிற?"

ரோவீனா திரும்பி அடுப்பைத் துடைத்தாள். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது. மகள் கேட்டதற்குப் பதில் இல்லாமல் இல்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை, அவ்வளவுதான்.

உங்களுக்கு முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கிழக்குக் கென்டக்கி மலைகளில் நிலக்கரிச் சுரங்கம் ஒவ்வொன்றாக மூடிய பிறகு, ஓடைக்கரையோரம் வண்டிபோல் இழுத்துவந்து நிறுத்திய டிரெய்லர் வீடுகளில் பாதிக்கு மேல் அரசாங்கத்தின் செக்கை நம்பித்தான் அடுப்பு எரிகிறது. முதுகு ஒடிந்தவனுக்கு ஒரு செக், நுரையீரலில் கரித்தூள் அடைத்தவனுக்கு ஒரு செக். மனசோ மூளையோ படிப்போ மற்றப் பிள்ளைகளைப்போல ஓடாத குழந்தை ஏழை வீட்டில் இருந்தால் அதற்கும் ஒரு செக். இந்தக் கடைசிச் செக்குக்கு அந்த மலையில் 'பைத்தியச் செக்' என்று பெயர். அப்படிச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் வீட்டுக்கும் அதே தபால்காரர் அதே நாளில்தான் வருவார். ஆனாலும் சொல்வார்கள். பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளும் சொல்லும்.

டெலனிக்கு ஆறு வயதிலிருந்து அந்தச் செக் வருகிறது. எழுத்துகள் அவள் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்பதில்லை. கோபம் வந்தால் திரைச்சீலை, தட்டு, தன் தலைமுடி என்று கைக்கு எது அகப்பட்டாலும் இழுத்தெறிவாள். ஒருமுறை நகர்ந்துகொண்டிருந்த பேருந்தின் பின்கதவைத் திறந்து குதித்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். பள்ளியிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவையாவது கூப்பிடுவார்கள், வந்து அழைத்துப் போங்கள் என்று. அப்படி நினைத்த நேரத்தில் ஓடுகிறவளுக்கு எந்த முதலாளி முழுநேர வேலை கொடுப்பான்? மலிவுச் சாமான் கடையில் அரைநாள் வேலைதான் ரோவீனாவுக்குக் கிடைத்தது. புருஷன் வெர்லின் இண்டியானாவுக்குக் கிட்டங்கி வேலைக்குப் போனான். முதலில் பணம் வந்தது, பிறகு போன் வந்தது, இப்போது கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வருகிறது. வீட்டு வாடகையும் மின்சாரமும் டெலனி பெயரில் வரும் அந்தச் செக்கில்தான் நிற்கின்றன.

அது நிரந்தரமும் இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, குழந்தை இன்னும் அப்படியேதான் இருக்கிறதா, தேறிவிட்டதா என்று பார்ப்பார்கள். அரசாங்கம் ஏற்பாடு செய்த டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். அந்த அழைப்பு வந்த அன்றே வெர்லினின் அக்கா ட்வைலா, வாயில் சிகரெட்டும் கையில் சோளரொட்டித் தட்டுமாகப் படியேறி வந்துவிட்டாள். ட்வைலாவின் இரண்டு பையன்களுமே அந்தச் செக்கில் வளர்ந்தவர்கள். இந்த விஷயத்தில் ஓடைக்கரை முழுக்க அவளிடம்தான் யோசனை கேட்கும்.

"இந்தா பாரு ரோவீனா, மாத்திரையப் போட்டுக் கூட்டிட்டுப் போனேன்னு வையி, அது அங்க போயி சர்ச்சு ஜன்னல்ல வரைஞ்ச தேவதை மாதிரி உக்காந்துக்கும். 'தங்கமான புள்ளையா இருக்கே, இதுக்கு எதுக்குச் செக்கு?'ன்னு கேப்பான். போன தடவ பட்டது போதாதா?"

"அது பொய்யில்லையா அண்ணி?"

"எதுடி பொய்? மாத்திரை போட்டா தெரியறது மாத்திரையோட கொணம். போடாட்டி தெரியறதுதான் நம்ம புள்ள. டாக்டரு பாக்கறது புள்ளையத்தான? மாத்திரையவா?"

ரோவீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் அண்ணி."

"படிச்சிருந்தா ஓசியில உனக்குச் சொல்லிட்டு உக்காந்திருப்பனா? மணிக்கு இவ்வளவுன்னு வாங்கிருப்பேன். ரொட்டியத் தின்னு, ஆறுது."

போன தடவை பட்டதென்னவோ உண்மை. முதன்முதலில் விண்ணப்பித்தபோது ரோவீனா மகளைக் குளிப்பாட்டி, ரிப்பன் கட்டி, மாத்திரை கொடுத்து, நல்ல உடுப்புப் போட்டு அழைத்துப் போனாள். டாக்டர் வீட்டுக்குப் போகும்போது சுத்தமாகப் போக வேண்டும் என்று வளர்ந்தவள் அவள். டெலனி அங்கே நிறங்களையெல்லாம் வரிசையாகச் சொன்னாள், டாக்டருக்குக் கைகொடுத்தாள். குறைபாடு போதவில்லை என்று மறுத்துவிட்டார்கள். மேல்முறையீடு, வக்கீல், விசாரணை என்று ஒரு வருஷத்துக்குமேல் இழுத்தது. அந்தக் குளிர்காலத்தில் மின்சாரம் வெட்டுப்பட்டு, தாயும் மகளும் ட்வைலாவின் வீட்டு முன்னறைத் தரையில் படுத்தார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடுமா?

இந்த வருஷம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. டெலனி படிக்க ஆரம்பித்திருந்தாள்.

பள்ளியில் மிஸ் ஹேடிக்ஸ் என்று ஒரு ஆசிரியை, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே இருப்பவள். அவள்தான் விரலை ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் வைத்து நகர்த்தச் சொல்லிக்கொடுத்தாள். பாலத்தில் மாட்டிக்கொண்ட பசுவைப் பற்றிய ஒரு சின்னப் புத்தகம். ஒரு மாலை டெலனி அதைக் கொண்டுவந்து சோபாவில் ஏறி நின்றுகொண்டு, ஒரு பக்கம் முழுக்க, திக்கித் திக்கி, விரலை நகர்த்தி நகர்த்திப் படித்துக் காட்டினாள். முடித்துவிட்டுச் சோபாவிலிருந்து குதித்தாள்.

அப்போது ரோவீனாவின் மனசில் முதலில் எழுந்தது சந்தோஷமில்லை. 'ஐயோ, இன்னும் டாக்டரிடம் போகவில்லையே' என்பதுதான் முதலில் வந்தது. சந்தோஷம் அதற்குப் பின்னால்தான் வந்தது. பெற்றவளுக்கு அந்த வரிசை மாறி வந்ததை அவளால் மறக்க முடியவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

அந்தப் பசுப் புத்தகத்தைத்தான் டெலனி இப்போது மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்பதும் பேச்சுக்குத்தான். கால் முன்சீட்டை உதைத்தது, கை ஜன்னலை இறக்கி ஏற்றியது, வாய் ஓயவில்லை.

"டாக்டருக்கு இத படிச்சுக் காட்டட்டா?"

"புஸ்தகத்தக் காருலயே வச்சிரு கண்ணு."

"ஏன்?"

"அவருகிட்ட அவரு புஸ்தகம் இருக்கும்."

"அதயும் படிப்பேன்."

ரோவீனா பாதையைப் பார்த்தே பேசினாள். "இங்க பாரு. அவரு படிக்கச் சொல்லி உனக்கு வரலைன்னா, வரலைன்னு சொல்லிரு. யாரும் உன்னைத் திட்ட மாட்டாங்க. கஷ்டப்பட வேண்டாம்."

"வருமே."

"எல்லா நாளும் வருதா?"

டெலனி யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "இல்ல. செல நாளு எழுத்து நீந்துது."

"அதத்தான் சொல்றேன்."

பாருங்கள், ரோவீனா 'படிக்காதே' என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தேவாலயத்தில் கையை உயர்த்திச் சத்தியம் செய்யச் சொன்னால்?

டாக்டர் ப்ரூவிட் டவுனில் ஒரு கட்டடத்தின் மாடியில் வாடகை அறையில் இருந்தார். கெட்டவர் இல்லை. ஜலதோஷம் பிடித்திருந்தது. காகிதங்கள் குவிந்திருந்தன. குழந்தையைத் தனியே உட்காரவைக்க ஆளில்லாததால், "அவளும் இங்கேயே இருக்கட்டும்மா, நாம பேசலாம்" என்றார்.

அங்கேதான் வந்தது வினை. ஏனென்றால் அவர் கேட்பதெல்லாம் பிள்ளைக்கு என்னென்ன வராது என்பதைப் பற்றி. பதில் சொல்ல வேண்டியவள் தாய். கேட்டுக்கொண்டிருப்பவள் அந்தப் பிள்ளை.

"தனியாக் குளிக்க வராது, தண்ணியத் தெறந்து விட்டுட்டு நிக்கும். ஷூ கட்ட வராது. ரெண்டு வேலை சேத்துச் சொன்னா ஒண்ணுகூட நடக்காது. கடைக்குக் கூட்டிட்டுப் போக முடியாது. ராத்திரி தூக்கம் கெடையாது." ரோவீனா மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போனாள். எல்லாம் உண்மை. ஒன்றுகூட இட்டுக்கட்டியதில்லை. "சிநேகிதப் புள்ளைங்க கெடையாது. பொறந்தநாளுக்கு யாரும் கூப்பிடறதில்ல."

சுழல்நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்த டெலனி காலை ஊன்றி நிறுத்தினாள். "கேய்ட்லின் கூப்பிட்டா."

"அது ரெண்டு வருஷத்துக்கு முந்திடி."

"ஆனா கூப்பிட்டா."

டாக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுதினார். டெலனி மறுபடி சுற்ற ஆரம்பித்தாள். மேசைமேல் இருந்த பென்சில் டப்பா கீழே விழுந்து உருண்டது. யாரும் சொல்லாமலே அவள் பொறுக்கப் போனாள், பாதியில் மறந்து மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னிக்குக் காலையில மருந்து குடுத்தீங்களா?"

"குடுத்தேன் சார்."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது. டெலனி அம்மாவைப் பார்த்தாள். காலையில் கூழைக் கிளறிப் பார்த்த அதே கண்கள். சாதாரணமாக எல்லாவற்றுக்கும் இடைமறித்துப் பேசுகிற பிள்ளை, இதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு டாக்டர் இரண்டு மூன்று வரி எழுதியிருந்த ஒரு அட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "இத எனக்குப் படிச்சுக் காட்டறியா தங்கம்?"

டெலனி நாற்காலியில் ஏறி மண்டியிட்டு உட்கார்ந்தாள். மிஸ் ஹேடிக்ஸ் சொல்லிக்கொடுத்தபடி விரலை முதல் சொல்லுக்கு அடியில் வைத்தாள். உதடு அசைந்தது. ரோவீனா அந்த உதட்டையே பார்த்தாள். முதல் சொல்லைச் சத்தமில்லாமல் சரியாகச் சொல்லி, அடுத்ததற்கு விரல் நகர்ந்ததையும் பார்த்தாள்.

விரல் நின்றது. டெலனி தலையைத் தூக்கி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

'படி கண்ணு' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ரோவீனா கைப்பையைத் திறந்து உள்ளே எதையோ தேடினாள். எதைத் தேடுகிறோம் என்று அவளுக்கே தெரியாது. கைப்பைக்குள் ட்வைலா வீட்டுத் தரையின் குளிர்தான் இருந்தது போலிருந்தது. நிமிர்ந்தபோது மகளின் விரல் அட்டையை விட்டு இறங்கியிருந்தது.

"வரல" என்றாள் டெலனி.

டாக்டர் எழுதிக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் ரகளை. மருந்து இல்லாத உடம்பு அல்லவா? சீட்டை உதைத்தாள், கத்தினாள், தன் கையைத் தானே கடித்தாள். ரோவீனா ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, பின்சீட்டுக்குப் போய் மகளை இறுகக் கட்டிக்கொண்டு, அவள் அடங்கும்வரை உட்கார்ந்திருந்தாள். பசுப் புத்தகம் காலடியில் மிதிபட்டுக் கிடந்தது. 'இது நிஜம்தானே, இதைத்தானே அவர் பார்க்க வேண்டும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல அது ட்வைலாவின் குரலில்தான் கேட்டது.

சில வாரங்கள் கழித்துக் கடிதம் வந்தது. டெலனியின் குறைபாடு தொடர்கிறது என்று முடிவு செய்திருப்பதாக அரசாங்கம் எழுதியிருந்தது. உங்கள் மகள் தேறவில்லை என்கிற செய்தி. ரோவீனா அதைத் தபால்பெட்டியருகே நின்று படித்துவிட்டு, "கர்த்தரே, நன்றி" என்று உரக்கச் சொன்னாள். சொன்ன பிறகுதான், எதற்கு நன்றி சொன்னோம் என்று உறைத்தது.

அன்று ட்வைலா ஒரு பானை பீன்ஸும் பன்றித்தொடைக் கறியும் சமைத்துக் கொண்டுவந்தாள். "சொன்னேன்ல? என் பேச்சக் கேட்டவ யாரும் கெட்டதில்ல!"

டெலனி வழக்கம்போல மருந்து குடித்திருந்தாள். நிதானமாக இருந்தாள். ரொட்டியைப் பீன்ஸில் முக்கிக்கொண்டே கேட்டாள்.

"செக்கு நிக்காதா அம்மா?"

"நிக்காது."

"நான்தான?"

"என்ன நீதான?"

டெலனி ரொட்டியைக் கீழே வைத்தாள். முகமெல்லாம் பூரிப்பு. "எனக்கு அந்த அட்டை தெரியும்! 'குளத்தில் ஒரு வாத்து. அதற்கு நனையப் பிடிக்காது.' மொத ரெண்டு வரியும் தெரியும். ஆனா நான் சொல்லவே இல்லையே! மாத்திரை குடுத்தேன்னு நீ சொன்னப்ப உன் மூஞ்சி எப்படி இருந்துச்சு, அதே மாதிரி வச்சுக்கிட்டேன். நல்லாப் பண்ணேன்ல?"

ட்வைலா தொடையில் தட்டிச் சிரித்தாள். "அடி கள்ளி! இதுக்கா மூளையில கொறைங்கறாங்க? இவ நம்ம எல்லாரையும் வித்துட்டு வந்துருவா!"

ரோவீனாவால் சிரிக்க முடியவில்லை. மகள் கேட்டது நினைவிருக்கிறதா? நல்லாப் பண்ணேன்ல. பள்ளியில் யாரும் அவளை நல்லாப் பண்ணினாய் என்று சொன்னது அபூர்வம். அந்தப் பிள்ளை வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை முழுசாகச் செய்து முடித்து, பாராட்டுக்கு நிற்கிறது. அது செய்து முடித்த காரியமோ, தெரிந்ததைத் தெரியாது என்று சொன்னது.

"சாப்பிடு" என்று மட்டும் சொன்னாள் ரோவீனா.

அடுத்த வாரமே மிஸ் ஹேடிக்ஸிடமிருந்து போன். டெலனி புத்தகத்தைத் தொடுவதில்லையாம். வற்புறுத்தினால் மூடி வைத்துவிட்டு, "எனக்கு வராது, டாக்டரே எழுதிட்டாரு" என்கிறாளாம். ஒருமுறை நேரில் வர முடியுமா?

ரோவீனா கடையின் மஞ்சள் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் போனாள். சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்தாள். டெலனி மூலையில் தரையில் உட்கார்ந்து கம்பளத்தின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

மிஸ் ஹேடிக்ஸ் அடுத்த ஓடைக்கரைக்காரி. சுற்றி வளைக்காமல் பேசுபவள். "வீட்டுல ஏதாவது நடந்துச்சா? நல்லா வந்துக்கிட்டிருந்த புள்ள. திடீர்னு அணை கட்டின மாதிரி நின்னுடுச்சு."

அந்த நேரத்தில் ரோவீனாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். உண்மையைச் சொன்னால் இந்தப் பெண் ஒரு போன் போட்டாலே செக் நின்றுவிடலாம். சொல்லாவிட்டால் டெலனி புத்தகத்தைத் திறக்கப் போவதில்லை. அவள் கையைப் பிசைந்தாள். மூலையில் நூல் பிய்க்கும் சத்தம் நின்றுவிட்டிருந்தது. மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இப்போதும் அம்மா எந்த முகத்தை வைத்துக்கொள்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நான்தான் காரணம் மிஸ்" என்றாள் ரோவீனா. "அன்னிக்கு மாத்திரை குடுக்கல. குடுத்தேன்னு டாக்டர்கிட்ட பொய் சொன்னேன். அவ படிக்கப் பாத்தா. நான் பையில தலையக் கவுத்துக்கிட்டேன். செக்கு நிக்காம இருக்கறதுக்காக அவ படிக்காம இருக்கா. என்னையக் காப்பாத்தறா."

மிஸ் ஹேடிக்ஸ் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எனக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பிருந்தாங்க" என்றாள். "அவ படிக்க ஆரம்பிச்சிட்டான்னு எழுதினேன். ஒரு பக்கம் படிக்க என்னென்ன வேணும்ங்கறதயும் எழுதினேன். தனி ரூம் வேணும், பக்கத்துல நான் வேணும், நடுவுல ஓட விடணும், செல நாளு மேசைக்கு அடியில போயி உக்காந்துதான் படிப்பான்னு. வயசுக்கு ரெண்டு வருஷம் பின்னாடிதான் இன்னமும்."

"அப்ப... நான் அந்தப் பொய்யச் சொல்லாட்டியும் குடுத்திருப்பாங்களா?"

"குடுத்திருக்கலாம். குடுக்காமலும் போயிருக்கலாம். எதப் பாத்து முடிவு பண்ணாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும் ரோவீனா?"

இதைவிட அவள் திட்டியிருக்கலாம். அந்தப் பொய் வேண்டியிருந்ததா, வீணா என்று இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை. தெரிந்தால் ஒரு பக்கமாக அழலாம். வேண்டியிருந்தது என்றால் வறுமையைத் திட்டலாம், வீண் என்றால் தன்னைத் திட்டலாம். இரண்டும் இல்லாமல் நடுவில் தொங்குவது அவளுக்கு வாய்த்தது.

நாற்காலியிலிருந்து இறங்கிக் கம்பளத்தில் மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"டெலனி. அம்மா அங்க சொன்னது பொய்."

"எது? ஷூ கட்ட வராதுங்கறதா?"

"அதில்ல. அது நெசம்."

"அப்ப எது?"

"உனக்கு வர்றத நான் சொல்லல. வராதத மட்டும் சொன்னேன். பாதியச் சொல்லி மீதிய முழுங்குனா அதுவும் பொய்தான்." சொல்லிவிட்டு, வருவதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். "உனக்கு... நாய்க்குட்டியக் குளிப்பாட்ட வரும். பாட்டு... சர்ச்சுப் பாட்டு மனப்பாடம். அப்புறம்..." நின்றுவிட்டது. வராதவற்றை மூச்சுவிடாமல் அடுக்கியவளுக்கு இங்கே மூன்றாவதைத் தேட வேண்டியிருந்தது. பார்க்காமலா இருந்தாள்? பார்த்தாள். குறித்துவைத்துக்கொள்ளப் பழகவில்லை. இத்தனை வருஷம் குறைகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்துப் பழகிவிட்ட மனசு.

டெலனியே உதவிக்கு வந்தாள். "நாலு சக்கர பைக்கு ஓட்ட வரும்."

"என்னது? எவ குடுத்தா உனக்கு அத?"

"ட்வைலா அத்தை. ஓடை வரைக்கும்தான். ரெண்டு தடவ தண்ணிக்குள்ள போயிட்டேன்."

மிஸ் ஹேடிக்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். ரோவீனா சிரிக்கவும் செய்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

டெலனி இன்னும் சமாதானமாகவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். "நான் படிச்சு, அவங்களுக்குத் தெரிஞ்சு, செக்கு நின்னுட்டா?"

"நின்னா நான் பாத்துக்கறேன். அது உன் வேலையில்ல."

"அப்ப என் வேலை என்ன?"

"படிக்கறது."

"அது ரொம்பக் கஷ்டமான வேலைம்மா."

"தெரியும் கண்ணு."

அதற்குப் பிறகு டெலனி மறுபடி படிக்க ஆரம்பித்தாள். ஒரே நாளில் இல்லை. முதலில் மிஸ் ஹேடிக்ஸிடம் ஒரு வரி, அப்புறம் அரைப் பக்கம். வீட்டிலும் புத்தகம் கொண்டுவந்தாள். அடுத்த பரிசோதனைக்கு அழைப்பு வரும்போது மாத்திரையைக் கொடுப்பாயா என்று ட்வைலா ஒருநாள் கேட்டாள். "குடுப்பேன்" என்றுதான் ரோவீனா சொன்னாள். ஆனாலும் அந்தக் குளிர்காலத் தரையை உடம்பு மறக்கவில்லை. நானும் அவளுக்காக உங்களிடம் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஒன்று மட்டும் சரியாகவில்லை. டெலனி புத்தகத்தை விரித்து, முதல் சொல்லுக்கு அடியில் விரலை வைத்ததும், ஒருதரம் தலையைத் தூக்கி அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். படிக்கலாமா என்று கேட்கும் பார்வை. ரோவீனா சிரித்துப் பார்த்தாள். தலையாட்டிப் பார்த்தாள். தலையாட்டினால் படிப்பாள், சரிதான். ஆனால் ஆட்டாவிட்டால் படிக்க மாட்டாளே. தனக்குத் தெரிந்த ஒன்றைத் தெரியும் என்று காட்ட, பெற்றவளின் முகத்தில் அனுமதி தேடுகிற பழக்கத்தை அந்த வாடகை அறையில் தான்தானே ஊட்டினோம் என்று அவளுக்கு ஒவ்வொரு முறையும் குத்தும்.

கடைசியில் அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சாயங்காலம் டெலனி சமையலறை மேசையில் புத்தகத்தை வைத்ததும், ரோவீனா பாத்திரத் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள். முகம் ஜன்னலுக்கு. முதுகு மகளுக்கு.

முதல் நாள் புத்தகம் விரியும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நாற்காலி கிறீச்சிட்டது.

"அம்மா, இங்க பாரேன்."

"கை ஈரமா இருக்கு கண்ணு. நீயே படி."

தட்டுகளை அப்போதே கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. கையும் காய்ந்துதான் இருந்தது. ரோவீனா குழாயைத் திறந்து இரண்டு கையையும் நனைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி காத்திருந்தாள்.